பொங்காத வெள்ளைப் படிகம்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடி சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன ஊர். அந்தக் கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அது கால்சைட். அமிலம் பட்டும் பொங்காத வெள்ளைப் படிகம் எதிர்ப்பட்டால் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அது வீவெல்லைட்டாகவும் இருக்கலாம்.

உலகில் அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் சுமார் 6,000. அவற்றில் கரிமக் கனிமங்கள் நூறைக்கூட எட்டவில்லை. வீவெல்லைட் அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் வீவெல் நினைவாக 1852இல் பெயரிட்டார்கள். ஜெர்மனியின் சாக்சனி நிலக்கரிச் சுரங்கங்களில் அழகான படிகங்கள் கிடைத்தன. நிலக்கரிப் படுகை இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் அத்தகைய படிகத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. இங்கே தேட வேண்டிய இடம், சுண்ணாம்புச் சத்துள்ள பாறையில் கல்பாசி இனங்கள் படர்ந்த பரப்பு. பாசி சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கல்லிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும்.

இதே பொருள் சேனைக்கிழங்கில் நாக்கை அரிக்கிறது, சப்பாத்திக்கள்ளியின் சதையில் படிந்திருக்கிறது, சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவற்றை உருவாக்குகிறது. ஆனால் உடலிலும் செடியிலும் விளைவதைக் கனிமவியலார் பொதுவாகக் கனிமக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜிப்சமும் அமிலத்தில் பொங்காது, அதுதான் ஏமாற்றும். ஜிப்சத்தில் நகம் எளிதாகக் கீறிவிடும். வீவெல்லைட்டின் கடினத்தன்மை எண் 2.5 முதல் 3 வரை. நகத்துக்கு அது எளிதில் மசியாது. உறுதியான சாட்சி நெருப்பு. ஒரு துணுக்கைச் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நீரும் கார்பன் மோனாக்சைடும் வெளியேறி, கால்சியம் கார்பனேட் மிஞ்சும். ஆறிய பிறகு அமிலம் விட்டால், முன்பு அசையாதிருந்தது இப்போது பொங்கும்! ஜிப்சம் அப்போதும் பொங்காது. கையடக்கமான வேதியியல் இதைவிட அழகாக அமைவது அபூர்வம்.

ஆனால் பட்டாசு ஆலைகள் உள்ள சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இந்தச் சோதனையை நினைத்துப் பார்க்கவே கூடாது. அங்கே தரையில் கிடக்கும் வெள்ளைத்தூள் வெடியுப்பாக இருக்கலாம், நச்சுள்ள பேரியம் நைட்ரேட்டாக இருக்கலாம், பட்டாசுக்குக் கலந்த மருந்தாகவும் இருக்கலாம். கலவை மருந்துக்குத் தீ வேண்டியதில்லை, உரசலே போதும். சூடாக்குவது, பொடிப்பது, நாக்கில் வைத்துப் பார்ப்பது மூன்றுமே ஆபத்து. பட்டாசு ஆலைகளின் அருகே எதையும் தொடாமல் விலகுவதே முறை.

மத்தாப்பின் மஞ்சள் ஒளிக்குப் பயன்படும் சோடியம் ஆக்சலேட்டுக்கும் இயற்கையில் ஓர் இணை உண்டு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் கிடைத்த நாட்ராக்சலேட், 1996இல் விவரிக்கப்பட்டது. அது நீரில் கரையும். வெடியுப்பும் பேரியம் நைட்ரேட்டும் கரையும். வீவெல்லைட் கரையாமல் அடியில் தங்கிவிடும். எனவே ஆலைகளுக்குத் தொலைவில், பாறையிலிருந்தே எடுத்த துணுக்குக்கும் முதல் சோதனை ஒரு கிண்ணம் தண்ணீர்தான். கடைசிச் சொல் ஆய்வகத்தின் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கு உரியது. அங்கே அனுப்பும் பொட்டலத்தில் எடுத்த இடம், பாறை வகை, மேலே படர்ந்திருந்த பாசி ஆகியவற்றை எழுதிவைத்தால் ஆய்வாளருக்குப் பாதி வேலை மிச்சம்.