ஒப்புக்கொண்டான் என்பது போதுமா?

"ஆசாமி போலீசாரிடம் உண்மையைக் கக்கிவிட்டான்" என்று பத்திரிகையில் படித்ததும், விடுதி உணவுக்கூடத்திலேயே நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். சட்டம் நம்மைப்போல் அவசரப்படுவதில்லை. போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைச் செய்தவனுக்கு எதிராகச் சாட்சியமாக்கலாகாது என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அவ்விதி 23-ஆம் பிரிவில் நிலைத்தது.

இந்த அவநம்பிக்கைக்கு நம் சென்னை மாகாணத்திலும் வேர் உண்டு. அங்கு நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்து 1855-இல் வெளியான அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் என்னும் நம் சொற்களே இடம்பெற்றன. கிட்டி, விரல்களை இடையில் வைத்து நெரிக்கும் கட்டை. அண்ணாந்தாள், ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் பிணித்து நிறுத்துவது. வரி பிடுங்கவும் இவை பயன்பட்டன. ஒப்புதல் பிடுங்கவும் பயன்பட்டன. ஆங்கில அறிக்கைக்குத் தமிழ் ஈந்த கொடை!

கிட்டி ஒழிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அடிபடாதவனும் செய்யாததை ஒப்புவானோ? ஒப்புவான். இரண்டு இரவு உறங்கவிடாமல் ஒரே கேள்வியைக் கேட்டால், 'கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போகலாம்' என்றால், 'உன் தாயையும் அழைத்து வருவோம்' என்றால், நாளைய தூக்குமேடையைவிட இன்றைய அறையே பெரிதாகத் தெரியும். கோர்ட்டில் சொல்லித் தப்பலாம் என்று பேதை நம்புவான். 'கத்தியைக் கிணற்றிலா போட்டாய்?' என்று கேட்பவரே விவரத்தையும் தந்துவிடுகிறார். மறுநாள் அதே கிணறு வாக்குமூலத்தில் வருகிறது. செய்தவனன்றி வேறு யார் இதை அறிவார் என்று படிப்பவருக்குத் தோன்றும்!

விலக்கும் உண்டு. காவலில் இருப்பவன் சொல்லால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதனோடு நேரே தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட்டிடம் தரும் ஒப்புதலும் செல்லும். ஆனால் 'நீ சொல்லக் கடமைப்பட்டவனல்ல' என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். மறுத்தவனைப் போலீஸ் காவலுக்குத் திருப்பியனுப்பலாகாது.

1987-ஆம் ஆண்டுத் 'தடா' சட்டமோ இந்த வேலியையே பிடுங்கிற்று. போலீஸ் சூப்பரின்டெண்டிடம் தந்த ஒப்புதலே சாட்சியமாயிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 'தடா' குற்றம் நிற்காது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னும், அச்சட்டப்படி பெற்ற வாக்குமூலங்கள் நின்றன. பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய அதிகாரி, ஓய்வுபெற்றபின் 2013-இல் ஒன்றைச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டாராம். ஒரு வாக்கியம்!

பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானவர். விடுதலை 2022 மே 18-இல் வந்தது. அதுவும் வாக்குமூலம் பிழை என்ற தீர்ப்பினால் அன்று. அவரது மனுவின்மேல் நேர்ந்த தாமதத்தைக் கருதி உச்ச நீதிமன்றம் அளித்தது.