மொட்டை மாடியில் கோலமாவால் ஒரு வீடு!

சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அடையாறு என்று எந்தப் பகுதியின் உள்தெருவில் நடந்தாலும் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துவிடலாம். ஒரு கிரவுண்டு நிலம். வாசலில் ஒரு வேப்பமரம். 1980-களில் கடன் வாங்கிக் கட்டிய மாடி வீடு. மாடி பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கீழே அப்பாவும் அம்மாவும் மட்டும். பெருக்கித் துடைக்கவே பாதி நாள் போய்விடும்.

ஒருநாள் பில்டர் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். பழைய வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம், உங்களுக்கும் ஒன்று என்கிறார். அல்லது வீட்டை விற்றுவிட்டு, பக்கத்துத் தெருவில் எழும்பும் புதிய கட்டடத்தில் சின்னதாக ஒன்று வாங்க அவர்களே முடிவு செய்கிறார்கள். எப்படியானாலும் ஒரு கேள்வி வரும்: “பிளான்ல உங்களுக்கு என்ன வேணும் சார்?”

பலரும் சொல்லும் பதில், “இப்ப இருக்கிற மாதிரியே, கொஞ்சம் சின்னதா!”

தவறு அங்கேதான் தொடங்குகிறது. பழைய வீட்டின் மூன்று பெட்ரூமும் 9-க்கு 9 அடியாகச் சுருங்கிப் புது வீட்டுக்கு வந்துவிடுகின்றன. கட்டிலைப் போட்டால் பீரோ கதவு திறக்காது. பீரோவை நகர்த்தினால் ஆள் நடக்க முடியாது.

அறையை எண்ணாதீர்கள், நாளை எண்ணுங்கள்

72 வயது அப்பா, 67 வயது அம்மா என்று ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். காலை காபி எங்கே குடிக்கிறார்கள்? பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டும்? மதியம் யார் எங்கே படுக்கிறார்கள்? இரவில் எத்தனை முறை பாத்ரூம் போக எழுந்திருக்கிறார்கள்? முதலில் இதை ஒரு தாளில் எழுத வேண்டும். பிளான் பிறகு வரட்டும்.

மகன் குடும்பம் வந்தால் தங்க அறை வேண்டுமே என்பது அப்பாவின் கவலையாக இருக்கும். நியாயமானதுதான். ஆனால், வருடத்தில் இரண்டு வாரம் வருகிறவர்களுக்காக மீதி ஐம்பது வாரமும் ஒரு அறையைப் பூட்டிவைத்தால், விட்டுவந்த மாடியை மறுபடியும் கட்டிக்கொண்டதாகிவிடும்.

ஒரே இடத்தைப் பல வேலைக்குப் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் கூடம்தான் பகலில் சாப்பாட்டு அறை, இரவில் படுக்கையறை, நவராத்திரிக்குக் கொலு மண்டபம். அந்த வழக்கத்தைத்தான் புது ஃபிளாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

700 சதுர அடியில் என்னென்ன அடங்கும்?

உள்ளே புழங்கும் இடம் 700 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், கணக்கு இப்படி வரும். ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து 11-க்கு 19 அடி. பெரிய பெட்ரூம் 11-க்கு 14. சின்ன அறை 10-க்கு 10. சமையலறை 8-க்கு ஒன்பதரை. பாத்ரூம் ஒன்று 5-க்கு 8, இன்னொன்று 5-க்கு 7. மொத்தம் சுமார் 615 சதுர அடி. மீதி நடைவழிக்கும் உள்சுவர்களுக்கும் போகும். பால்கனி தனி.

ஹால்: சுவரோடு மடித்துவைக்கும் சாப்பாட்டு மேஜை போதும். இருவருக்கு விரித்தால் பாதி, விருந்தாளி வந்தால் முழுதும். ஊஞ்சல் வேண்டும் என்றால் கான்கிரீட் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். கொக்கியைத் தளக் கம்பியோடு கட்டிவிட்டால்தான் பலம். ஊஞ்சல் ஆட முன்னும் பின்னும் இடம் வேண்டும் என்பதால், அதற்காக சோபாவில் ஒரு பகுதியைத் தியாகம் செய்ய வேண்டிவரும்.

பெட்ரூம்: ஒரே பெரிய கட்டிலைவிட, 3 அடி அகலத்தில் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போடுவது நல்லது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பிரித்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்பவர் இரண்டு பக்கமும் நின்று தூக்கிவிட முடியும். கட்டிலுக்குப் பக்கத்தில் 3 அடி நடைவழி அவசியம்.

சின்ன அறை: ஒரு திவான், புத்தக அலமாரி, மேஜை. ஹாலைப் பார்த்த மாதிரி அகலமான தள்ளுகதவு. திறந்திருந்தால் ஹால் பெரிதாகும். மூடினால் பேரப்பிள்ளைகள் தூங்கும் அறை. பின்னாளில் உதவிக்கு ஆள் வைத்தால் அவருக்கும் இதுவே இடம்.

சமையலறை: இரண்டு பக்கமும் 2 அடி மேடை போட்டால் நடுவில் 4 அடி கிடைக்கும். இருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை பார்க்கலாம். மேடை உயரத்தை பில்டர் முடிவு செய்யக் கூடாது. சமைப்பவரின் முழங்கையிலிருந்து சுமார் 4 அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. குனிந்து தேடும் அலமாரிக்குப் பதில் இழுக்கும் டிராயர்கள். கிரைண்டரைத் தூக்கி இறக்காதபடி நிரந்தரமாக ஓர் இடம்.

பரண்: இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. 7 அடிக்கு மேல் இருக்கும் பரணுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். எழுபது வயதில் அது ஆபத்து. பரணில் வைக்க வேண்டிய சாமான் என்றால், அது புது வீட்டுக்கு வரத்தான் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

பாத்ரூமில் சமரசம் வேண்டாம்

டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவிடுபவர்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பதில்லை. உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் வழுக்கி விழுந்தால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு ஓடிவருபவரால் திறக்க முடியாது. அதனால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்கட்டும்.

பல ஃபிளாட்களில் பாத்ரூம் கதவு இரண்டரை அடிதான். சக்கர நாற்காலி தடையில்லாமல் போக, திறப்பு 3 அடி வேண்டும். வாசலில் கால் தடுக்கும் படி கூடாது. தண்ணீர் வெளியே வராமலிருக்க லேசான சரிவு போதும். குளிக்கும் இடமும் டாய்லெட் இடமும் பிரிந்து, ஒரு பக்கமாவது காய்ந்த தரையாக இருக்க வேண்டும். டாய்லெட் இருக்கை 18 அங்குல உயரம் இருந்தால் எழுந்திருப்பது சுலபம். பிடித்துக்கொள்ளும் கம்பி எங்கே வரும் என்று டைல்ஸ் ஒட்டும் முன்பே குறித்து, அந்தச் சுவரை உறுதியாகக் கட்டச் சொல்ல வேண்டும். பிளக் பாயின்டுகள் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருந்தால் குனிய வேண்டாம்.

வெளியே பார்க்க வேண்டியவை

சென்னையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் ஜன்னல், எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி இரண்டும் இருந்தால் மாலையில் ஏ.சி தேவை குறையும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் பாத்ரூமோ அலமாரியோ வந்தால் பெட்ரூம் தப்பிக்கும்.

கீழே கார் பார்க்கிங் என்பதால் முதல் ஃபிளாட்டே மாடியில்தான். ஆகவே லிஃப்ட் முக்கியம். சக்கர நாற்காலி உள்ளே நுழையுமா, மின்சாரம் போனால் பக்கத்துத் தளத்தில் நின்று கதவு திறக்குமா என்று கேட்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மின் மீட்டர் பலகை, ஜெனரேட்டர் எல்லாம் பார்க்கிங்கில் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

பேப்பரில் என்ன இருக்கிறது?

‘1,000 சதுர அடி ஃபிளாட்’ என்று சொல்லும்போது, படிக்கட்டு, லிஃப்ட், பொது வழி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் சேர்ந்திருக்கலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 சொல்லும் ‘கார்பெட் ஏரியா’ என்பது வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உள்சுவர்கள் உட்பட வீட்டுக்குள் புழங்கும் இடம். ஒப்பந்தத்தில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்கு இந்தச் சட்டத்தில் பதிவு விலக்கு உண்டு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர்தான். எனவே இத்தகைய சின்னத் திட்டங்களில் கதவு அகலம் முதல் லிஃப்ட் அளவு வரை எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வரியும் உண்டு. பழைய வீட்டை விற்ற லாபத்தில் வேறு வீடு வாங்க 2 வருடமும், கட்ட 3 வருடமும் அவகாசம் தந்து வருமான வரிச் சட்டம் சலுகை கொடுக்கிறது. ஆனால், பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீடு வாங்கினால் முழு லாபமும் அதில் அடங்காமல் போகலாம். மிஞ்சும் லாபத்துக்கு வரி வரும். 6 மாதத்துக்குள் அரசு அறிவித்த பத்திரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை போட்டு அதைக் குறைக்கலாம். பில்டரோடு சேர்ந்து கட்டுவதற்குக் கணக்கு வேறு. கையெழுத்துப் போடும் முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. புது வீடு இருவர் பெயரிலும் இருக்கட்டும். மிச்சப் பணம் அவர்களின் மருத்துவத்துக்கும் மாதச் செலவுக்கும் முதலில் ஒதுக்கப்படட்டும். பிள்ளைகளுக்கான பங்கு பிறகுதான்.

ஒரு மாலை நேர ஒத்திகை

பிளானை பேப்பரில் பார்த்தால் யாருக்கும் அளவு புரியாது. அதற்கு ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. பழைய வீட்டின் மொட்டை மாடியிலேயே புது வீட்டை அதன் உண்மையான அளவில் வரைந்துவிடுவது! டேப் பிடிக்க ஒருவர், கோலமாவு போட ஒருவர். சுவர், கதவு, கட்டில், அடுப்பு, பூஜை அலமாரி எல்லாவற்றையும் கோடாக இழுங்கள்.

பிறகு அதற்குள் ஒரு நாளை வாழ்ந்து பாருங்கள். கட்டிலிலிருந்து எழுந்து இருட்டில் பாத்ரூம் வரை எத்தனை அடி? அடுப்படியில் அம்மா நிற்கும்போது அப்பா தண்ணீர் எடுக்க வர முடிகிறதா? கொலுப் படி எங்கே வரும்? இடிக்கும் இடத்தில் கோட்டைக் காலால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம். தளம் போட்ட பிறகு அந்த வசதி இல்லை.

அன்று மாலை, நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டின் மேல் நின்றுகொண்டு, அடுத்து வாழப்போகும் வீட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வார்கள். “இங்கே என் நாற்காலி” என்பார் அப்பா. “அது ஜன்னலை மறைக்குது, அந்தப் பக்கம் போடுங்க” என்பார் அம்மா. பில்டர் வரும் முன் அவர்கள் பேசி முடிக்க வேண்டியதும் அதைத்தான்.