ஒன்பது நாளில் ஓர் ஆல்பம்

மூன்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் கார் ஷெட்டில் கூடினால் என்ன செய்வார்கள்? அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஏதாவது செய்வார்கள் என்கிறீர்களா? சரியாகச் சொன்னீர்கள்!

ஆஸ்திரேலியாவில் நியூகாஸில் என்ற துறைமுக நகரம். டேனியல் ஜான்ஸ் கிதாருடன் பாடினான். பென் கில்லீஸ் டிரம் அடித்தான். கிறிஸ் ஜோயனுவுக்கு பேஸ் கிதார். 1994-ல் ஒரு போட்டிக்குப் பாட்டு அனுப்பினார்கள். பரிசும் வந்தது, அந்தப் பாட்டு ஆறு வாரம் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது! பிறகு 'சில்வர்சேர்' கோஷ்டியின் முதல் ஆல்பமான 'ஃப்ராக்ஸ்டாம்ப்'பை ஒன்பதே நாளில் பதிவு செய்தார்கள். 1995 மார்ச்சில் வெளிவந்தபோது மூவருக்கும் வயது 15. அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சம் பிரதிகள் போயின.

கரகரத்த கிதார், கிழியும் தொண்டை, அடங்கிக் கிடந்து திடீரென்று இடிக்கும் தாளம் - இதுதான் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் பிரபலப்படுத்திய 'கிரஞ்ச்' பாணி. அதில் கொடிகட்டிய கோஷ்டி 'நிர்வானா'. (தமிழ்க் காதுக்கு விபரீதமான பெயர்தான்!) "பைஜாமா போட்ட நிர்வானா" என்று பையன்களைக் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முதல் பாட்டில் பேஸ் கிதார் தனியாக உறுமும் இடத்தைக் கேளுங்கள். குழந்தை விளையாட்டு என்று சொல்ல மாட்டீர்கள்.

படிப்பை விடவில்லை; வெளியூர்க் கச்சேரிகளுக்குப் பெற்றோரும் உடன் போனார்கள். அப்படியும் என்ன? சில ஆண்டுகளில் டேனியல் உணவையே ஒதுக்கும் நோய்க்கு ஆளாகி, எலும்பும் தோலுமானார். 1999-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்த நோயைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார்.