லாரியின் வெண்புகை

நாகர்கோவிலில் காய்கறி ஏற்றி, களியக்காவிளையைக் கடந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே பழைய லாரி ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு சொல்.

விடியற்காலையில் எழும் வெண்புகை, எஞ்சின் சூடேறியதும் மறைந்தால் அச்சமில்லை. குளிரில் முழுதும் எரியாத டீசலின் ஆவியே அது. சூடேறிய பின்னரும் புகை நீடித்து, கண்ணைக் கரிக்கும் டீசல் நெடி வீசினால், இஞ்செக்டரையும் டீசல் பம்பின் டைமிங்கையும் சோதிக்க வேண்டும். நெடியின்றிப் புகை வர, ரேடியேட்டர் நீரும் நாள்தோறும் குறையுமாயின், ஹெட் காஸ்கெட் பழுதுற்றோ ஹெட்டில் விரிசல் கண்டோ நீர் சிலிண்டருக்குள் கசியக்கூடும். எஞ்சின் ஆயிலும் பால் கலந்த காப்பிபோல் மாறியிருப்பின் ஐயம் வலுப்படும்.

அந்நிலையில், காய்கறி வாடுமே என்று வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். நீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் கெடுத்துவிடும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே திறவுங்கள்.