துன்புறும் மாதரும் நமது சங்கங்களும்

சங்கங்களின் தணிக்கைக் குறிப்புகளில் கடன், வட்டி, பாக்கி, நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா ஆகிய யாவும் இடம்பெறுகின்றன. அங்கத்தினர் இல்லத்தில் மனைவி அடியுண்பது இடம்பெறுவதில்லை. அதற்கெனப் பத்தியும் கிடையாது. ஆயினும், சங்கங்களைப் பார்வையிட்டு வரும் நாம், தறி ஓடாது நின்ற நாட்களுக்கும் தவணை தவறிய கடனுக்கும் காரணம் வினவுங்கால், சில இல்லங்களில் அவ்வினா இவ்விடத்தில் வந்து நிற்பதைக் காண்கிறோம். இது குடும்ப விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுமையுடன் மேலே வாசிக்கக் கோருகிறோம்.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுள் எவரிடமேனும் உதவி நாடியோர், இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டால், 100-க்கு 14 பேரே. அடிப்போர் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் உளர். வாய் திறவாமைக்குரிய பொதுக் காரணங்களும் யாவரும் அறிந்தவையே: பிள்ளைகள், கைப்பணமின்மை, மானம். எண்ணிக்கையில் சிறியதொரு சமூகத்தில் பிறந்த பெண்ணுக்கு இவற்றுடன் மேலும் சில தாழ்கள் விழுகின்றன. அவற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

நமது தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் அதன் அடிவாரத்திலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். கணவன் அடித்தால் காவல் நிலையம் செல்லலாமே என்று சமவெளியில் இருப்போர் இவர்களுக்கு எளிதாக அறிவுரை கூறிவிடுகின்றனர். 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வாச்சாத்தி கிராமத்துள் புகுந்தோர் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினருமே. 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்னரே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. இடையே 31 ஆண்டுகள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதும் அதே 1992-இல்தான் என்பதை இங்கே குறிக்காமலிருக்க இயலவில்லை. அந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த பெண், அதே சீருடையினரிடம் தன் கணவனை ஒப்படைக்க அஞ்சுவாளாயின், அதனை அறியாமை என்று தள்ளுவது முறையன்று. அச்சத்தை வென்றாலும் வழி உளது. மலைச் சிற்றூர்கள் பலவற்றிலிருந்து பேருந்து நிற்குமிடத்துக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

முஸ்லிம் மாதருக்குள்ள தடை வேறு வகைப்பட்டது. பல ஊர்களில் மண விவகாரங்களைப் பள்ளிவாசலைச் சார்ந்த ஜமாஅத் விசாரிக்கிறது. அங்கே ஆண்களே அமர்வர். பெண்ணின் வழக்கைத் தந்தையோ தமையனோ எடுத்துரைக்க, அவள் இல்லாமலே முடிவு செய்யப்படுவதும் உண்டு. இதனைக் கண்டு வருந்தியே, புதுக்கோட்டையில் ஷரீபா கானம் அம்மையார் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் பெண்களுக்கென்றே ஜமாஅத் ஒன்றைத் தோற்றுவித்தார். பெண்களே கூடி மனுக்களைக் கேட்டனர். காவல் நிலையத்துக்கும் உடன் சென்றனர். எதிர்ப்புக்குக் குறைவில்லை. சமூகத்தின் பெயரைக் கெடுக்கிறீர்கள் என்பதே அதில் பெரிய குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1991-இல் எழுதிய கட்டுரையொன்றில், லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையிடம் இவ்வன்முறை பற்றிய வட்டாரவாரிக் கணக்கைக் கேட்டபோது கிடைக்கவில்லை என்கிறார். சிறுபான்மையினரைப் பழிக்க அது பயன்படும் என்று அச்சமூகத்தவரும் அஞ்சினராம். ஆங்கிலம் பேசாத பெண்ணொருத்தியை அடைக்கல இல்லம் ஏற்க மறுத்த செய்தியும் அதில் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, தமிழில் மனு எழுதத் தயங்கும் மாதர் நம் சங்கங்களிலும் இருக்கக்கூடுமாதலின் இதனைச் சொன்னோம்.

சட்டத்தில் குறையில்லை என்றே கூறலாம். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தினர்க்கும் பொது. காவல் நிலைய வாயிலை மிதிக்காமலே, மாவட்டச் சமூகநல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். அவர் அறிக்கை எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். வழக்கு தொடுத்ததனாலேயே அவளை வீட்டை விட்டுத் துரத்த இயலாது. கட்டணமின்றி வழக்கறிஞர் பெற, வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கு உரிமை உண்டு. அனைத்தினும் நமக்கு முக்கியமானது 4-ஆம் பிரிவு: வன்முறை நிகழ்கிறதென நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கு இல்லை. 'எவரும்' என்பதில் சங்கக் காரியதரிசியும் அடங்குவார்.

இனிச் சங்கத்துக்கு வருவோம். கைத்தறித் தொழிலாளருள் 100-க்கு 72 பேர் பெண்கள் என 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்லுகிறது. ஆனால், கணவன் பெயரில் தறி, கணவன் பெயரில் கூலி. தார் சுற்றியவள் பெயர் பேரேட்டில் இல்லை என்ற நிலை இன்னும் உளது. விளைவிப்போர் சங்கங்களிலோ, பட்டா யார் பெயரிலோ அவரே அங்கத்தினர். உழைத்தவளின் கையில் தருமபுரிக்குப் பேருந்துக் கட்டணம்கூட இராது. அவளுக்கும் தனிப் பங்கு, தனிக் கணக்கு என்று ஏற்படுத்துவது நம் அதிகாரத்துக்கு உட்பட்ட செயல். நிர்வாகக் குழுவில் மாதருக்கு உரிய இடத்தில் அவர்தம் கணவன்மார் வந்து அமரும் வழக்கத்தைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

ஒன்றை மட்டும் செய்யற்க. குழு கூடி, இருவரையும் அழைத்து, சமாதானம் பேசி அனுப்பும் பழக்கம் சில ஊர்களில் தலைகாட்டுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் அமர்பவரே இங்கும் அமர்வதால், அவள் புறப்பட்ட இடத்துக்கே திருப்பப்படுகிறாள். அன்றிரவு அடி இரட்டிக்கும். சங்கம் நியாயம் விசாரிக்கப் பிறந்த ஸ்தாபனமன்று.

மகளிர் உதவித் தொலைபேசி எண் 181. இரவு பகல் இயங்குகிறது. அதனை விலைப்பட்டியல் தொங்கும் வெளிச்சுவரில் ஒட்டினால் ஆண்கள் சூழ நிற்பர். நூல் வாங்க மாதர் காத்திருக்கும் உட்பக்கத்தில், அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலும் எழுதி ஒட்டலாம். பல பெண்களிடம் கைப்பேசி இல்லை; இருப்பினும் யாரிடம் பேசினாள் என்று கணவன் பார்த்துவிடுவான். சங்கத் தொலைபேசியைக் கால்மணி நேரம் அவளிடம் விட்டு, எழுத்தர் வெளியே சென்று நிற்பதற்குத் தீர்மானமும் வேண்டியதில்லை, மேலதிகாரி அனுமதியும் வேண்டியதில்லை.