வந்தாரா, வந்துச்சா?

"அது வந்துச்சு, காசு கேட்டுச்சு, போயிருச்சு."

ரயில் பெட்டியில் திருநங்கைகளைப் பற்றி இந்த மூன்று வினைமுற்றுகளைக் காதில் வாங்காதவர் குறைவு. மழை வந்துச்சு, நாய் வந்துச்சு என்கிற அதே இழுப்பு. இதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. சொன்னவரை நிறுத்திக் கேட்டால், 'நான் என்ன தப்பாப் பேசிட்டேன்?' என்பார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

இருபது வருஷமாக நாம் பெயர்ச்சொல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அலி போய் அரவாணி வந்தது. கூவாகம் கோயில் தெய்வமான அரவானோடு ஒட்டிய பெயர் என்பதால் அதில் கௌரவம் இருந்தது. பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்களை ஒரு புராணத்துக்குள் அடைப்பானேன் என்ற கேள்வியும் இருந்தது. 2008இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டில் இவர்களுக்கென நல வாரியம் அமைந்தபோது பெயர்ப் பலகையில் அரவாணிகள்தான். ஆனால் பலகையின் பெயிண்ட் காய்வதற்குள் திருநங்கை என்ற சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. பின்னாலேயே திருநம்பி, இருவருக்கும் பொதுவாகத் திருநர். மூன்றாம் பாலினம் என்றால், 'அப்போ ஒண்ணாவது யாரு, ரெண்டாவது யாரு?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நான் விழித்திருக்கிறேன்.

பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கு. அதையொட்டி 2022 ஆகஸ்டில் அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியானது. 'குயர்' என்பதற்குப் பால்புதுமையர், 'இன்டர்செக்ஸ்' என்பதற்கு ஊடுபால் என்று அழகான சொற்கள். பத்திரிகைக்காரர்கள் இவற்றைத்தான் எழுத வேண்டும் என்றார்கள். எழுதுகிறோம். எப்படி எழுதுகிறோம் என்பதுதான் கதை.

பிழை திருத்தும் மேசையில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு திருட்டுச் செய்தி வந்தது. தலைப்பில் 'திருநங்கை கைது' என்று சுத்தமாக இருந்தது. முதல் பத்தியிலும் அப்படியே. மூன்றாம் பத்தியில், 'அவன் தப்பி ஓடினான்.' நிருபர் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தார். விகுதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தலைப்பைப் பற்றியும் ஒன்று: திருடியவர் ஆணாக இருந்தால் 'ஆண் கைது' என்று எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் வினையோடு சேராது என்று ஒரு விதி உண்டு. 'வந்தான்' கூடாது, அவ்வளவுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி இன்னும் ஒரு படி போகிறார்: ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவர் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவர் ஆண்பால். பிறந்தபோது மருத்துவச்சி என்ன சொன்னாள் என்பது அவர் கணக்கில் இல்லை, அவாவுதல்தான் கணக்கு. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரல் 15 அன்று. பவணந்தியார் எழுநூறு வருஷத்துக்கும் மேல் முந்திக்கொண்டார் என்று மார்தட்டக் கை போகிறது. ஆனால் அதே சூத்திரத்தின் கடைசி அடி கையைக் கீழே இறக்கிவிடுகிறது: இவ்விருவரும் அஃறிணை போலவும் சொல்லப்படலாமாம். ரயில் பெட்டியின் 'வந்துச்சு'வுக்கு அங்கேயே இடம் விட்டு வைத்திருக்கிறார்.

'அவர்' என்று போட்டால் தீர்ந்தது என்பார்கள். ஒருவரைப் பன்மையால் சுட்டலாமா என்று ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு அது பாட்டன் சொத்து. ஆனால் எழுத்தில் பொதுவாக இருக்கும் 'அவர்' வாய்க்கு வந்ததும் 'அவரு' ஆகி மீசை முளைத்துவிடுகிறது. மளிகைக் கடையில் ஒரு திருநங்கையைக் காட்டி 'அவரு கேட்கிறாரு பாரு' என்றால், மரியாதையும் கிடைத்த மாதிரி, அடியும் விழுந்த மாதிரி. பேச்சில் அதற்குரிய சொல் 'அவங்க'. திருநம்பிகளின் பாடு இன்னும் மோசம். தாடி வளர்ந்து, குரல் உடைந்த பிறகும் சொந்தக்காரர்கள் 'அந்தப் பொண்ணு' என்பதை விடுவதில்லை.

சொல்லை விடுங்கள், இடஒதுக்கீட்டைக் கொடுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இடஒதுக்கீட்டில் வேலைக்குச் சேரும் முதல் நாள், 'புதுசா ஒண்ணு வந்திருக்கே, பார்த்தியா?' என்ற குரல் வராண்டாவில் கேட்கும். அந்த 'ஒண்ணு'தான் என் கவலை. 2022இல் காவலர் நடத்தை விதிகளிலேயே பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அடித்தால் புகார் எழுதலாம். விகுதிக்கு என்ன புகார் எழுதுவது?

எங்கள் தெருவில் ஒரு திருநங்கை இருக்கிறார், கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். மண்டபத்தில் மிஞ்சிய வத்தக்குழம்பை ஒரு தூக்கில் என் அம்மாவுக்குக் கொண்டுவருவார். அம்மாவுக்கு எண்பது வயது. போன வாரம் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மா என்னிடம், "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல போல இந்தப் பிள்ள, எப்படி வாடிக் கெடக்குது பாரு" என்றாள். கெடக்குது. எனக்குக் காது சுட்டது. "அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தேன். என் மகளையும் அம்மா அப்படித்தான் சொல்வாள் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

அவர் தூக்கை மூடிக்கொண்டே சிரித்தார். "அம்மா சொல்லட்டும் சார். நீங்க சொல்லாதீங்க."