கிணற்று நீரிற் கிருமிகளைச் சோதித்தல்: கமக்காரருக்கு நிலைத்துப் பயன்தரும் முறை எது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. வெங்காயத்துக்கும் கீரைக்கும் இறைக்கும் கிணறே பல வீடுகளிற் குடிநீரையும் தருகின்றது. நிலத்தின் கீழுள்ளது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புக்களினூடாக மழைநீர் விரைந்து இறங்கும். மலசலகூடக் குழியின் கசிவும் மாட்டுக்கொட்டிலின் கழிவும் மண்ணால் நன்கு வடிக்கப்படுமுன்னரே கிணற்றை அடையக்கூடும்.

நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, வாந்திபேதி ஆகியன இவ்வாறு பரவும் நோய்களாம். அறுவடைக் காலத்தில் வீட்டிலொருவர் படுக்கையில் வீழ்ந்தால் மருந்துக்குப் பணம் செல்வதோடு விளைவும் தோட்டத்தில் வீணாகும். நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பது அது தூயது என்பதற்குச் சான்றன்று. சோதித்தே அறிதல் வேண்டும்.

சோதனை முறைகள்

நோய்க்கிருமிகள் பல வகையின. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுதல் பெருஞ்செலவாகும். ஆதலால், மலத்தில் எப்பொழுதும் காணப்படும் ஈகோலை என்னும் குடற் பற்றீரியாவையே அடையாளமாகக் கொள்வர். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு இது ஒன்றேனும் காணப்படலாகாது.

முதலாவது, ஆய்வுகூட முறை. நீரை நுண்ணிய வடிதாளிற் செலுத்தி, அதிற் படியும் பற்றீரியாக்களை ஏறத்தாழ ஒருநாள் இளஞ்சூட்டில் வளர்த்து எண்ணுவர். முடிவு நம்பத்தக்கது. எனினும் நீரைக் குளிரூட்டி, எடுத்த நாளிலேயே கொண்டுசெல்லல் நன்று.

இரண்டாவது, கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை. இது சில மணி நேரத்தில் முடிவு தரும். ஆனால் விலையுயர்ந்த கருவி, இடையறாத மின்சாரம், குளிரிற் பேணவேண்டிய இரசாயனங்கள், பயிற்சி பெற்றோர் ஆகிய யாவும் வேண்டும். இறந்த கிருமியையும் இது உள்ளதெனக் காட்டக்கூடும்.

மூன்றாவது, ஐதரசன் சல்பைட்டுத் தாள்முறை. இந்திய ஆய்வாளர் மூவர் இதனை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்தூட்டிய தாள் இட்ட போத்தலில் நீரை ஊற்றி வைத்தால், மாசுள்ள நீர் ஓரிரு நாளிற் கறுக்கும். எமது வெப்பநிலையே போதும், மின்சாரம் வேண்டியதில்லை. ஆயினும் இயல்பாகவே சல்பைட்டு உள்ள நீரும் கறுக்கும். கறுக்காத நீர் முற்றிலும் ஆபத்தற்றதென்றும் கொள்ளலாகாது.

செலவை எவ்வாறு மதிப்பிடுவது?

ஒரு முறை செய்யும் சோதனையின் விலையை மட்டும் பார்த்தல் தவறு. கிணற்று நீர் மழைக்கு மழை மாறும். கோடையிற் பெற்ற நல்ல முடிவு ஐப்பசி மழைக்குப் பின் செல்லாது. எனவே ஆண்டுதோறும் பலமுறை செய்யக்கூடிய எளிய சோதனை, ஒரே தடவையுடன் நின்றுவிடும் சிறந்த சோதனையிலும் பயனுடையது. கிராமத்திலே தாள்முறையால் அடிக்கடி பார்த்து, கறுத்த கிணற்றின் நீரை மாத்திரம் ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் சிக்கனமாம். பி.சி.ஆர். முறையை நோய் பரவுங்காலத்திற் காரணம் ஆராயும் நிலையங்களுக்கு விட்டுவிடலாம்.

சோதனை விட்டுச்செல்லும் கழிவும் ஒரு செலவே. கறுத்த போத்தலில் பற்றீரியாக்கள் பன்மடங்கு பெருகியிருக்கும். அதனைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. நீரின் பத்திலொரு பங்களவு வெளிற்றும் திரவம் சேர்த்து அரைமணி நேரம் வைத்தபின், கிணற்றுக்குத் தொலைவிலுள்ள குழியில் ஊற்றுக. கண்ணாடிப் போத்தலைக் கழுவி, கொதிநீரில் அவித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஒருமுறையோடு எறியும் பிளாத்திக்குத் தட்டுக்களை எரித்தால் நச்சுப்புகை எழும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. முதலிற் கிணற்றைச் சுற்றிப் பார்க்க. கட்டில் வெடிப்பு உண்டா? வாளியும் கயிறும் நிலத்திற் கிடக்கின்றனவா? மலசலகூடக் குழி அருகிலுள்ளதா? 50 அடி தூரம் என்று பொதுவாகக் கூறப்படினும், வெடிப்புள்ள சுண்ணாம்பு நிலத்தில் அதுவும் போதாதிருக்கலாம். இப்பார்வைக்குச் செலவே இல்லை.

2. மழை தொடங்கிய பின்பும், வெள்ளம் வடிந்த பின்பும் நீரைச் சோதிக்க.

3. நீர் கறுத்தால் உடனே கொதிக்கவைத்துப் பருகுக. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் கிணற்றுக்குக் குளோரீன் இடுக. மாசு வரும் வழியை அடைக்காவிடின் அது மீண்டும் வரும்.

4. வல்லாரை போன்று பச்சையாக உண்ணும் இலைகளை நல்ல நீரிலேயே கழுவிச் சந்தைக்கு அனுப்புக. ஐயமுள்ள நீரை இலையிற் படாது வேரடியிற் பாய்ச்சுக.

நெல் வேளாண்மை செய்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வயல்நீரிலுள்ள எலிக்காய்ச்சற் கிருமியைத் தாள்முறை காட்டாது. காலிற் புண்ணுடன் சேற்றில் இறங்காதீர். போகம் தொடங்குமுன் தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் விசாரிப்பீர்.

ஒரு குறிச்சியிலுள்ள கமக்காரர் ஒன்றுசேர்ந்து போத்தல்களை வாங்கி, முறைவைத்துக் கிணறுகளைப் பார்த்து, முடிவுகளை ஒரு கொப்பியிற் குறித்து வருவாராயின் செலவு குறையும். எந்தக் கிணறு எந்த மழைக்குக் கெடுகின்றது என்பதும் இரண்டொரு ஆண்டில் விளங்கும். பயிருக்கு நீர் அளந்து இறைக்கும் நாம், பிள்ளைகள் பருகும் நீரையும் சோதித்தே கொடுப்போமாக.